கெப்போங் கார்னர் வீடும் மூன்று அலுவலகக் கவுண்டர்களும்

கோலாலம்பூரில் வீடு வாங்கப் போகிறவர்கள் விலையைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். பேங்க் எவ்வளவு லோன் கொடுக்கும், இபிஎஃப் பணத்தில் எவ்வளவு எடுக்கலாம், வாசல் எந்தத் திசை பார்க்கிறது, எல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் புக்கிங் பணம் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். லோயர் ஆபீஸில் வீடு, நிலம் கைமாறும் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "மேடம், இதுல ஒரு சின்ன பிசினஸ் பண்ணலாம்ல?" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் அக்கா மகனும் அவன் மனைவியும் சைவ கேட்டரிங் செய்கிறார்கள். கோயில் அன்னதானம், நிச்சயதார்த்தம், பதினாறாம் நாள் சாப்பாடு என்று ஆர்டர் பெருகிவிட்டது. வாடகை வீட்டின் பின்கட்டில் சமைத்து மாளவில்லை. கெப்போங்கில் ஒரு கார்னர் டெரஸ் வீடு விலைக்கு வந்தது. ஏஜெண்டு சொன்னது இது: "பக்கத்துல காலி நிலம் இருக்கு, பெரிய கிச்சன் கட்டலாம். எதிர்ல பாருங்க, கிளினிக் ஓடுது. மூணு வீடு தள்ளி பாலர் பள்ளி. இந்த ரோடே கமர்ஷியல் மாதிரிதான்." பிள்ளைகளுக்கு வீடு பிடித்துவிட்டது. பணம் கட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். அது நல்ல காரியம்.

"சின்னம்மா, போஸ்கோட் 52100. டிபிகேஎல்தானே?" என்று கேட்டான், கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் எல்லைதானே என்ற பொருளில். நில உரிமைப் பத்திரமான கிராண்டின் நகலை அனுப்பச் சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அஞ்சல் குறியீடு தபால்காரருக்கு. எந்த நகராண்மைக் கழகம் என்பதை அது சொல்லாது. கெப்போங் பாரு டிபிகேஎல் எல்லைக்குள் வருகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் தாமான் ஏசான், டேசா அமான் பூரி எல்லாம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ், அதாவது சிலாங்கூர். கிராமாட் பக்கம் போனால் ஏயூ2 என்ற குடியிருப்பில் இருப்பவர்கள் முகவரியில் 54200 கோலாலம்பூர் என்று எழுதுகிறார்கள். குப்பை அள்ளுவதிலிருந்து பிளான் பாஸ் பண்ணுவது வரை அவர்களுக்கு அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனபோது கோடு பழைய முக்கிம்களின், அதாவது மாவட்ட உட்பிரிவுகளின், நடுவிலேயே போனது. அதனால் முக்கிம் பத்து, முக்கிம் செத்தாப்பாக், முக்கிம் உலு கிள்ளான் என்ற பெயர்கள் இன்றும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கிராண்டில் "முக்கிம் பத்து" என்று பார்த்தவுடன் கேஎல் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அதற்கு மேலே இருக்கும் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும்.

அவன் அனுப்பிய நகலில் அந்த வரிகள் தெளிவாக இருந்தன. நெகிரி (மாநிலம்): சிலாங்கூர். டாயேரா (மாவட்டம்): கோம்பாக்.

கிராண்டு கையில் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. வீட்டுக்காரரிடம் இரண்டு பில் கேளுங்கள். ஒன்று வருடத்துக்கு இருமுறை வரும் மதிப்பீட்டு வரி, சுக்காய் பிந்து என்று நாம் சொல்வது. அதை யார் அனுப்புகிறார்களோ அவர்கள்தான் அந்த இடத்தின் ஊராட்சி மன்றம். இன்னொன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டும் நில வரி, சுக்காய் தானா. அதை அனுப்புவது நில அலுவலகம். இந்த இரண்டு பெயரும் தெரிந்துவிட்டால் எந்த கவுண்டருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

எல்லை மாறினால் சட்டமே மாறுகிறது. கோலாலம்பூருக்கென்று 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச திட்டமிடல் சட்டம் இருக்கிறது, சட்ட எண் 267. சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்களுக்கு 1976-ஆம் ஆண்டின் நகர்ப்புற, கிராமப்புற திட்டமிடல் சட்டம், எண் 172. ஆக, செந்தூலில் சொந்த வீட்டைப் பாலர் பள்ளியாக மாற்றிய நண்பர் சொல்லும் அனுபவம் பத்துமலைப் பக்கம் வீடு வாங்குகிறவருக்கு அப்படியே பொருந்தாது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மன்றம் வேறு, சட்டம் வேறு.

சரி, கிராண்டுக்கு வருவோம். நம்மவர்கள் அதில் பெயரைப் பார்ப்பார்கள், ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா என்று பார்ப்பார்கள், மூடி வைத்துவிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது மூன்று வரிகள். நிலப் பயன்பாட்டு வகை, சியாராட் ஞாத்தா எனப்படும் வெளிப்படை நிபந்தனை, செகாத்தான் கெபென்திங்கான் எனப்படும் உரிமைக் கட்டுப்பாடு.

தேசிய நிலச் சட்டம் 1966 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வகை மூன்றுதான்: விவசாயம், கட்டடம், தொழில்துறை. "கட்டடம்" என்று இருந்தால் எந்தக் கட்டடமும் கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த வரி அந்த நினைப்பை உடைத்துவிடும். என் அக்கா மகன் பார்த்த வீட்டின் கிராண்டில் வெளிப்படை நிபந்தனை இரண்டே வார்த்தை: பாங்குனான் கெடியாமான். குடியிருப்புக் கட்டடம். அண்டா வைத்து ஐந்நூறு பேருக்குச் சமைத்து லாரியில் ஏற்றுவது குடியிருப்பில் அடங்காது. நிபந்தனையை மீறினால் நிலத்தையே அரசாங்கம் பறிமுதல் செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது. நடைமுறையில் முதலில் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வரும், அபராதம் வரும். ஆனால் அந்த அதிகாரம் அங்கே இருக்கிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

நிபந்தனையை மாற்ற வழி உண்டு. அதே நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின் கீழ் மாநில அரசுக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் பிரிமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும், நில வரியும் கூடலாம். காலமும் ஆகும். "மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார். மாற்றுவதற்கான செலவும் காத்திருப்பும் வாங்குகிறவர் தலையில். கேட்டால் கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

உரிமைக் கட்டுப்பாடு என்பது விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட மாநில அரசின் சம்மதம் வேண்டுமா என்பதைச் சொல்லும் வரி. லீஸ்ஹோல்டு நிலங்களில் இது பெரும்பாலும் இருக்கும். நிலம் மலாய் ரிசர்வ், அதாவது மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டது, என்றால் அதுவும் கிராண்டில் குறிக்கப்பட்டிருக்கும். கோம்பாக், உலு கிள்ளான் பக்கம் அப்படிப்பட்ட நிலம் நிறையவே உண்டு. அதை நாம் வாங்க முடியாது, யாராவது "எழுத்து மூலமா ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். அப்படி ஏற்பாடு செய்து காலம் முழுக்கக் கட்டிய பணம் கரைந்துபோன குடும்பங்கள் உண்டு.

ஏஜெண்டு சொன்ன அந்தக் காலி நிலத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் நாலாயிரம் சதுர அடிக்கு மேல் என்று போட்டிருந்தது. கிராண்டில் பரப்பு 260 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 2,800 சதுர அடிதான் வருகிறது. மீதி எங்கிருந்து வந்தது? கிராண்டோடு இணைந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்தது. பக்கவாட்டு வேலிக்கு உள்ளே, வாழையும் கறிவேப்பிலையும் நட்டு, மேலே கூரை போட்டு கார் நிறுத்தியிருந்த அந்தப் பட்டை, வாய்க்காலுக்காக ஒதுக்கிய அரசு நிலம். தற்போதைய வீட்டுக்காரர் வேலி போட்டு அனுபவித்து வருகிறார். இப்படிப்பட்ட நிலத்துக்குச் சிலர் தற்காலிகக் குடியேற்ற உரிமம் வாங்கியிருப்பார்கள், டிஓஎல் என்பார்கள். அது அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். வீட்டோடு சேர்த்து அதை விற்கவும் முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. இந்த வீட்டுக்கு அந்த உரிமமும் இல்லை. பெரிய கிச்சன் கட்டுவதாகச் சொன்ன இடம் விற்பவருக்கே சொந்தமில்லை. கார்னர் வீடு பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து, கிராண்டில் உள்ள பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராண்டைப் பார்க்கும் நில அலுவலகம் ஒரு கவுண்டர். இரண்டாவது கவுண்டர் திட்டமிடல் பிரிவு. இங்கே கேட்க வேண்டியது அந்த நிலத் துண்டின் லோட் எண் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தானில், எந்த மண்டலத்தில் வருகிறது என்பது. கிராண்டு நிலச் சட்டத்தின் கீழ் வருவது. மண்டலம் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வருவது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கிராண்டு குடியிருப்பு என்று சொல்ல, திட்டம் அந்தத் தெருவையே வணிக மண்டலமாக வரைந்திருக்கலாம். கிராண்டு விவசாயம் என்று சொல்ல, திட்டம் அங்கே வீடுகள் வரலாம் என்று சொல்லலாம். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாகிவிடாது. இரண்டிலும் அனுமதி இருக்க வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

சிலாங்கூர் பக்கம் நிலமென்றால் நகரத் திட்டமிடல் துறையான பிளான் மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் வரைபடத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் திரையில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். நான் போனபோது திட்டமிடல் கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி லோட் எண்ணைத் தட்டி வரைபடத்தைத் திறந்து காட்டினார். அந்தத் தெரு முழுக்க குடியிருப்பு நிறம். முக்கியச் சாலையை ஒட்டிய வரிசைக்கு மட்டும் வேறு நிறம். எதிர்ப்பக்கத்து கிளினிக் அந்த வரிசையில் வருகிறது. நடுவில் ஒரே ஒரு தார்ச் சாலை, ஆனால் மண்டலம் வேறு. பாலர் பள்ளியைப் பற்றிக் கேட்டேன். குடியிருப்பு மண்டலத்தில் நிபந்தனையோடு அனுமதிக்கப்படும் பயன்பாடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு, பாலர் பள்ளி அதில் இருக்கிறது, வணிகச் சமையல்கூடம் இல்லை என்றார். அட்டவணையையும் திருப்பிக் காட்டினார். பொறுமையாக, ஒரு கேள்வியைக்கூடத் தட்டிக்கழிக்காமல் சொன்னார்.

பக்கத்து வீட்டில் நடக்கிறதே என்பது எதற்கும் சான்றல்ல. அது வேறு மண்டலமாக இருக்கலாம். நிபந்தனையோடு கூடிய தற்காலிக அனுமதியாக இருக்கலாம். உள்ளூர்த் திட்டம் வருவதற்கு முன்பே சட்டப்படி நடந்துகொண்டிருந்ததாக இருக்கலாம், அப்படிப்பட்ட பயன்பாட்டுக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஒன்றுமே இல்லாமல், யாரும் புகார் செய்யாததால் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். இவற்றில் எது என்று வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பங்சார் ஜாலான் மாரோப் நெடுக வீடுகள் கடைகளாக மாறியிருப்பதைப் பார்த்து, "அங்க விட்டாங்க, இங்க விடமாட்டாங்களா" என்கிறார்கள். அங்கே வரைந்த கோடு இங்கே வரையப்படவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் 172-இன் கீழ், அனுமதியில்லாமல் பயன்பாட்டை மாற்றினால் ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடுதல். ஒரு சுவரும் கட்டாமல், ஒரு செங்கல்லும் வைக்காமல், வீட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதே சட்டத்தின் கண்ணில் "மேம்பாடு" ஆகிவிடும். இதை நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். "நான் ஒண்ணும் இடிக்கலையே" என்பார்கள்.

மூன்றாவது கவுண்டர் லைசென்ஸ். முதல் இரண்டும் சரியானால்தான் இதற்குப் பொருள் உண்டு. உணவு என்றால் சுகாதார அமைச்சில் இடத்தைப் பதிவு செய்வது, டைபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் வகுப்பு எல்லாம் சேரும். இவை பற்றித் தகவல் நிறையவே கிடைக்கிறது, நான் நீட்டவில்லை.

கோலாலம்பூருக்குள் வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். டிபிகேஎல் பகுதியில் பல ஆண்டுகள் பழைய விரிவான மேம்பாட்டு வரைபடங்களே மண்டலத்தை நிர்ணயித்தன. 1039, 1040, 1041 என்று எண்களால்தான் பழைய ஆட்கள் அவற்றைக் குறிப்பிடுவார்கள். 2018-இல்தான் கோலாலம்பூர் மாநகர்த் திட்டம் 2020 அரசிதழில் வந்தது. இப்போது அதுவும் பழையது. கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 என்பது 2025 ஜூன் 11-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே 2019-இல் யாரோ எடுத்துவைத்த மண்டலக் கடிதத்தைக் காட்டி விற்க வந்தால், தேதியைப் பாருங்கள். லோட் அதேதான், அதற்குப் பொருந்தும் திட்டம் மாறியிருக்கிறது. உங்கள் நிலத்தின் மண்டலம் மட்டுமல்ல, பக்கத்து நிலத்தின் மண்டலத்தையும் பாருங்கள். இன்று பின்னால் காலியாக இருக்கும் இடத்தில் நாளை எத்தனை மாடி எழும்பலாம் என்பதை நிலப்பரப்புக்கும் கட்டடப் பரப்புக்கும் உள்ள விகிதம் சொல்லிவிடும். பிளாட் ரேஷியோ என்று கேட்டால் காட்டுவார்கள்.

இந்தத் திட்டங்கள் வெறும் காகிதம், மேலிடம் நினைத்தால் மாற்றிவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தாமான் ரிம்பா கியாராவைச் சொல்வேன். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் பொதுப் பூங்கா அது. அதன் ஓரத்தில் இருக்கும் லயன் வீடுகளில் வாழ்கிறவர்கள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் குடும்பங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி அங்கே குடிவைக்கப்பட்டவர்கள். 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரில் உயர்ந்த கொண்டோக்கள் கட்ட 2017-இல் மேம்பாட்டு ஆணை, அதாவது திட்டமிடல் அனுமதி, கொடுக்கப்பட்டது. லயன் வீட்டுக் குடும்பங்களுக்கு ஓர் அடுக்குமாடி அந்தத் திட்டத்திலேயே இருந்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, கடைசியில் 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகர் முழுமைக்குமான கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தை, தகுந்த காரணம் காட்டாமல் மேயரான டத்தோ பண்டார் வேறு பயன்பாட்டுக்கு விட்டுவிட முடியாது, அந்தத் திட்டத்துக்குச் சட்ட வலு உண்டு என்று அதில் தெளிவாக இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு எனக்கு இரண்டு விதமாக மனதில் நிற்கிறது. வரைபடத்தில் பச்சை என்று போட்டால் அது பச்சைதான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் கிடைத்த பாதுகாப்பு. அதே நேரத்தில், நிரந்தர வீடு என்ற வாக்குறுதியை நாற்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த தோட்டக் குடும்பங்கள் அந்தக் கொண்டோ திட்டத்தின் மேல்தான் நம்பிக்கை வைத்திருந்தன. அவர்களுக்கு வீடு கொடுப்பதற்கும் பூங்காவில் கொண்டோ கட்டுவதற்கும் முடிச்சுப் போட்டிருக்கவே கூடாது. தனியாக, முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது அது.

அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. கேஎல்லில் மண்டலத்தையோ அடர்த்தியையோ மாற்றும் விண்ணப்பம் வந்தால் அந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள். நடந்து போகும்போது கொஞ்சம் நின்று படியுங்கள். மாநிலங்களில், உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதி என்றால் ஒட்டிய நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வாய்க்காலோ குறுக்கே இருந்தாலும் ஒட்டிய நிலம்தான். ஆட்சேபத்துக்கு 21 நாள். எங்கள் ஆபீஸுக்கு அந்த நோட்டீஸைக் கொண்டுவருகிற தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் கெடு முடிந்த பிறகுதான் வருகிறார்கள். மலாயில் இருக்கிறது, புரியவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தோம் என்பார்கள். பேரப்பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும்.

கொண்டோ வாங்குகிறவர்களுக்கு இதற்கெல்லாம் மேலே இன்னோர் அடுக்கு இருக்கிறது: நிர்வாகக் குழுவின் வீட்டு விதிகள். மோன்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கு அதற்குச் சரியான உதாரணம். அந்தக் கட்டடம் வணிக நிலத்தில் கட்டப்பட்டது. ஆகவே நாள் வாடகைக்கு விடலாம் என்று சில உரிமையாளர்கள் நினைத்தார்கள். நிர்வாகம் அதைத் தடை செய்து, மீறினால் நாளுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்று விதி போட்டது. 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. கிராண்டு இடம் கொடுத்தாலும் வீட்டு விதி தடுக்கலாம். நாள் வாடகை வருமானத்தை நம்பி இரண்டாவது கொண்டோ வாங்கும் இளைஞர்கள், வீட்டு விதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நம் கோயில்கள் பல தோட்டக் காலத்திலும் ரயில்வே காலத்திலும் எழுந்தவை. கும்பிட்டு வந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. தோட்டம் கைமாறி, நகரம் வந்து, லோட் எண் மாறி, ஒருநாள் நோட்டீஸ் வரும்போதுதான் ஓடுகிறோம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்குப் பணம் வசூலிக்கும் முன் நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுங்கள். நிலம் தனியார் பெயரிலா, அரசு நிலமா, 62-ஆவது பிரிவின் கீழ் வழிபாட்டுக்கென அரசிதழில் ஒதுக்கப்பட்டதா? உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்த்து எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அந்தக் கெடுவுக்குள் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்துக்கு, பிறகு மறியல் செய்து கேட்பதைவிட வலு அதிகம்.

அக்கா மகன் அந்த வீட்டை வாங்கவில்லை. செலாயாங்கில் கீழ்த்தளக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதற்கும் மூன்று கவுண்டரும் பார்த்தோம். கடைவீடு என்பதால் அடுப்பும் புகைபோக்கியும் எங்கே வைக்கலாம் என்பது வரை பேசி முடித்தாகிவிட்டது. மருமகள்தான் இப்போது லோட் எண், மண்டலம் என்று சரளமாகப் பேசுகிறாள். அவளுடைய தோழிகளுக்கும் அவளே கிராண்டு படித்துச் சொல்கிறாள்.

பிடித்த வீட்டை விட மனமில்லை, ஆனால் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. புக்கிங் படிவத்திலேயே, பிறகு விற்பனை ஒப்பந்தத்திலும், இன்ன பயன்பாட்டுக்குத் திட்டமிடல் அனுமதியும் நில நிபந்தனை மாற்றமும் இத்தனை மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் கட்டிய முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். யார் பெயரில் விண்ணப்பிப்பது, பிரிமியம் யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். விற்பவர் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் பத்து விழுக்காடு கட்டிய பிறகு இந்த வரியைச் சேர்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் படிவம் கைக்கு வந்த அன்றே, பேனாவை எடுக்கும் முன், உங்கள் லோயரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.